இடுப்பளவுக் கூந்தலை வெட்டாமல் அலுவலகத்தில் சமாளிப்பது எப்படி?

வாசகி ஒருவரின் கேள்வி, 2024 மார்ச் 3

அடுத்த மாதம் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸில் உள்ள ஓர் அலுவலகத்தில் என் முதல் வேலையில் சேர்கிறேன். முடி இடுப்புவரை இருக்கிறது. நேர்காணலுக்கு ஒற்றைச் சடை பின்னிப் போயிருந்தேன். அதைப் பார்த்த தோழி, “பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறாய், தோளுக்கு மேலே வெட்டிவிடு” என்கிறாள். வெட்ட மனமில்லை. காலை 7 மணிக்குக் கட்டினால் மாலை 7 மணிவரை கலையாத, காலை அவசரத்தில் செய்யக்கூடிய முடியலங்காரம் ஏதேனும் உண்டா?

என் பதில், 2024 மார்ச் 4, இரவு 9.10

வெட்ட வேண்டாம். ஈசூனிலிருந்து நகர மையத்துக்குப் பதினேழு ஆண்டுகளாக எம்ஆர்டி ரயிலில் போய்வருகிறேன். நேற்று அளவு நாடாவை வைத்துப் பார்த்தபோது என் முடி 84 சென்டிமீட்டர் இருந்தது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வளரும் என்பதால், என் நுனியில் இருப்பது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன்பு முளைத்த முடி. ஆறு ஆண்டுச் சேமிப்பைத் தோழியின் ஒரு சொல்லுக்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது உச்சிக்கொண்டை. தலையைக் கவிழ்த்து, முடி முழுவதையும் உச்சிக்கு வாரி, இறுக்கமான ரப்பர் பேண்டால் குதிரைவாலாகக் கட்டி, டோனட் என்று கடைகளில் விற்கும் வளையத்தை அதில் மாட்டி, முடியை அதன்மேல் பரப்பிச் சுற்றிப் பதினோரு பின்களைக் குத்துவேன். பழகிவிட்டால் ஆறு நிமிடம். இரவு வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்வரை ஓர் இழைகூட நகராது.

சடையைப் பற்றி உங்கள் தோழி சொன்ன காரணம் எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் ஒற்றைச் சடையின் உண்மையான தொல்லை வேறு: கைப்பையின் வாரில் அது சிக்கும், சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு எழும்போது, நாற்காலியின் முதுகில் மாட்டிக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவதுபோலத் தலையை இழுக்கும்.

2024 மார்ச் 4, இரவு 11.35

சொல்ல மறந்தேன். காலையில் தலை குளித்துவிட்டு ஈரத்தோடு கொண்டை போடாதீர்கள். ஈரமான முடி உலர்ந்த முடியைவிட வலுக் குறைந்தது. இழுத்தால் நீளும், அளவு மீறினால் அறுந்துவிடும். அதோடு, இடுப்பளவு முடியைச் சுருட்டி வைத்தால் கொண்டையின் உட்புறம் மாலைவரை காயாது. ஒரு முறை இரவு 8 மணிக்கு அவிழ்த்தபோது உள்ளே இருந்து வந்த வாடை, மழைநாளில் பையிலேயே மறந்துவிட்ட குடையின் வாடை. முந்தைய மாலையே குளித்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உலர்த்திவிடுங்கள்.

2024 மார்ச் 9

பின் குத்தியும் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குத்தும் முறையில்தான் பிழை இருக்க வேண்டும்.

எங்கள் புளோக்கில் கீழ்வீட்டு அக்கா ஒருவர் முன்பு விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியேர் பால்மேன் 1968இல் விமானப் பணிப்பெண்களுக்காக வடிவமைத்த அந்த சாரோங் கெபாயாச் சீருடையை அணிந்தபடி, பதின்மூன்று மணி நேரப் பயணத்திலும் கொண்டை குலையாமல் நின்று உணவு பரிமாறியவர். நான் பதினோரு பின் குத்துவதைப் பார்த்து, “இது என்னடி, முள்ளம்பன்றியா?” என்று சிரித்துவிட்டு, அத்தனையையும் உருவிப் போட்டு, நான்கே கொண்டை ஊசிகளை எடுத்தார்.

அவர் காட்டிய முறையில், ஊசியின் முனை முதலில் கொண்டைக்கு வெளிப்புறம் நோக்கி இருக்கும். கொண்டையின் ஓரத்து முடியில் கொஞ்சத்தை ஊசி கவ்வ வேண்டும். பிறகு ஊசியை அப்படியே திருப்பி, தலையை ஒட்டிய முடியில் கொஞ்சத்தையும் சேர்த்துப் பிடித்து, கொண்டையின் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். கொண்டையையும் தலைமுடியையும் ஊசி சேர்த்துத் தைத்துவிடுகிறது. நான் அதுவரை செய்ததெல்லாம் நேராகக் கொண்டைக்குள் செருகியதுதான். பஞ்சுமெத்தையில் குண்டூசி குத்துவதுபோல, உள்ளே போகும், எதையும் பிடிக்காது.

அவரே பிரெஞ்சு டுவிஸ்டையும் காட்டினார். பிடரியில் முடியைச் சேர்த்து, மேல்நோக்கி முறுக்கி, சுருளாக உள்ளே மடித்து மடிப்பின் ஓரத்தில் ஊசி குத்துவது. தோளைத் தாண்டிய முடிக்கு அது மிகப் பொருத்தம். என்னுடையது போன்ற நீளத்துக்கு மடிக்க மடிக்க மிச்சம் வந்துகொண்டே இருந்தது; கடைசியில் தலைக்குப் பின்னால் ஒரு வாழைப்பழத்தைக் கட்டிவைத்தது போலாயிற்று.

2024 மார்ச் 10

ஒரு திருத்தம். நேற்று எழுதியது யு வடிவக் கொண்டை ஊசிக்கு மட்டும் பொருந்தும். இரண்டு கால்களும் ஒட்டியிருக்கும் பாபி பின்னுக்கு வேறு விதி: நெளிநெளியாக உள்ள கால் தலையை ஒட்டிக் கீழே இருக்க வேண்டும், நேரான கால் மேலே. நாற்பது வயதுவரை நான் அதைத் தலைகீழாகக் குத்திக்கொண்டிருந்தேன். நெளிவு அழகுக்காக என்று நினைத்துவிட்டேன்.

2024 மார்ச் 23

காலையில் கண்ணாடிமுன் படிந்திருக்கும் முடி, ரயில் நிலையத்துக்குப் போவதற்குள் பொங்கிவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலில் அது 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். முடியின் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் அவிழ்ந்து, உலர்ந்தால் மறுபடி கோத்துக்கொள்ளும் இயல்புடையவை. வீட்டில் சீப்பும் சூடும் வைத்து நாம் கொடுத்த வடிவத்தைக் காலை ஏழு மணிக் காற்று கலைக்கிறது. ரயிலின் குளிரூட்டி வேறு ஒரு வடிவத்தில் உலர்த்துகிறது. தஞ்சோங் பகார் நிலையத்தில் வெளியே வந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரே பயணத்தில் மூன்று பருவங்களைப் பார்த்துவிடும் முடியைக் குறை சொல்லிப் பயனில்லை. நேராக்கும் இயந்திரத்தில் காலை நேரத்தைச் செலவழிப்பதை நான் நிறுத்திவிட்டேன். விரித்துவிட்ட முடிக்குத்தான் இந்தத் தொல்லை முழுவதும். பின்னி முடிந்த முடியில் பொங்குவதற்கு மேலடுக்கு மட்டுமே உண்டு.

எண்ணெய் பற்றி. என் பாட்டியின் கொண்டை நிற்பதற்கு எண்ணெய்தான் காரணம் என்பது உண்மை; எண்ணெய்ப் பசை இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஆனால் சன்னலைத் திறக்க முடியாத கூட்ட அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது தேங்காய் எண்ணெயின் மணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை, பக்கத்து இருக்கைக்காரர் தேநீர்க் கோப்பையை மூக்கருகே நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தபோது அறிந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் எண்ணெயை வெள்ளி இரவுக்கு மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் சீயக்காய் போட்டுக் குளித்துவிடுவேன். வார நாளில் வேண்டுமானால் இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தடவலாம்.

2024 ஏப்ரல் 14

இன்று புத்தாண்டுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தார்கள். கும்பிட்டு நிமிர்ந்தபோது என் நெற்றியை ஒரு கணம் பார்த்துவிட்டு, “உனக்கு நெத்தி எப்பம்மா இவ்வளவு பெரிசாச்சு?” என்றார்கள். சிரித்து மழுப்பினேன். அம்மா சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து என் கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடிமுன் என்னை நிறுத்தினார்கள். காதுக்கு மேலே, கன்னப்பொறியில், விரல் அகலத்துக்கு முடி பின்வாங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக. தினமும் பார்க்கும் முகம் என்பதால் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 4ஆம் தேதி எழுதிய பரிந்துரையை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 27

தோல் மருத்துவர் ஒரு உருப்பெருக்கியை நெற்றியோரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே, “முடியை எப்படிக் கட்டுவீர்கள்?” என்பதுதான். ஒரே திசையில் ஆண்டுக்கணக்காக இறுக்கி இழுத்துக் கட்டுவதால் வேர்க்கால்கள் நலிந்து முடி உதிர்கிறது. இழுவை முதலில் தெரிவது நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும்தான். தொடக்கத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் மறுபடி முளைக்கும். நெடுங்காலம் தொடர்ந்தால் வேர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு முளைக்காது. நான் நடுவில் எங்கோ நிற்பதாகவும், காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் இயல்பு என்பதையே நான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு தலை முழுவதற்குமானது, ஒரே ஓரத்துக்கானது அன்று.

பின்னோக்கி நினைத்துப் பார்த்தால் உடல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் பிற்பகல் மூன்று மணிக்கு உச்சியில் ஒரு வலி வரும். கணினித் திரையைக் குற்றம் சொல்லி, கண்ணாடியை மாற்றி, காப்பியைக்கூடக் குறைத்தேன். இரவில் ரப்பர் பேண்டைக் கழற்றியதும் தலைத்தோலே பெருமூச்சு விடுவது போலிருக்கும். அதை வேலைநாள் முடிந்த நிம்மதி என்று எண்ணியிருக்கிறேன். “ஓர் இழைகூட நகராது” என்று பெருமையாக எழுதினேனே, நகராத இழைகளின் விலை அது.

புதிதாக வேலைக்குப் போகும் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததற்காக வருந்துகிறேன். எட்டு வாரத்துக்குள்தான் ஆகிறது, உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இன்றே விட்டுவிடுங்கள்.

2024 மே 19

மூன்று வாரமாகச் சோதித்துப் பார்த்தது இது. முடியைப் பிடரியில், கழுத்தெலும்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, தளர்வாகச் சேர்த்து, ரப்பர் பேண்ட் இல்லாமலேயே மூன்று கால் பின்னலாக நுனிவரை பின்னி, நுனியில் மட்டும் மெல்லிய ரப்பரைப் போட வேண்டும். பின்னலைப் பிடரியின்மேல் நத்தை ஓடுபோலச் சுற்றி, நுனியை அடியில் மறைத்து, கீழ்வீட்டு அக்கா காட்டிய முறையில் நான்கு திசையிலும் நான்கு கொண்டை ஊசிகள். நான்கு நிமிடம் ஆகிறது.

உச்சிக்கொண்டையில் முடியின் எடை முழுவதும் ரப்பர் பேண்டுக்கு அடியில் உள்ள இழைகளில் தொங்கியது. நடக்கும்போதெல்லாம் ஆடி இழுத்தது. தாழ்கொண்டை பிடரியின் வளைவில் உட்கார்ந்துகொள்கிறது. தொங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் இறுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பின்னாமல் வெறுமனே முறுக்கிச் சுற்றினால் நண்பகலுக்குள் தளர்ந்துவிடுகிறது, ஏனெனில் முறுக்கு எப்போதும் பிரியத்தான் பார்க்கும். பின்னலுக்கு அந்த ஆசை கிடையாது.

சோதனையின் நடுவே ஒரு நாள், மதிய உணவுக்குப் போய்த் திரும்பும் வழியில் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. கூரையிட்ட நடைபாதை முடிந்து அலுவலகக் கட்டடம் தொடங்குவதற்கு இடையே உள்ள இருபது அடியில் முழுக்க நனைந்தேன். கொண்டை அப்படியே இருந்தது. நெற்றியில் நான்கைந்து இழைகள் ஒட்டிக்கொண்டதோடு சரி.

குறை ஒன்று உண்டு. தலை சாய்க்கும் உயரமான நாற்காலி உள்ளவர்களுக்குத் தாழ்கொண்டை சரியாக இடையில் மாட்டும். அதே காரணத்தால் பெரிய கவ்வு கிளிப்பையும் நான் விட்டுவிட்டேன்: வாடகை உந்துவண்டியில் தன்னையறியாமல் பின்னால் சாய்ந்து, கிளிப்பின் பல் உடைந்து, ஒரு பல் தலையில் குத்திய அனுபவம் ஒரு முறை போதும்.

2024 மே 20

செவிலியர் ஒருவர் கேட்டதற்கு: சட்டைக் கழுத்துப்பட்டையில் முடி படக்கூடாது என்ற விதி உள்ள இடத்தில், பின்னலைத் தொடங்கும் இடத்தை இரண்டு விரல் மேலே ஏற்றிக்கொண்டால் போதும். உச்சிவரை போக வேண்டாம். சமையலறையிலும் சுழலும் இயந்திரத்தருகிலும் வேலை செய்பவர்களுக்குக் கொண்டை மட்டும் போதாது, அதன்மேல் வலையோ தொப்பியோ கட்டாயம்.

2024 ஜூன் 8

ஊசியே இல்லாமல் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பாட்டிக்கு முடியும். கோடாலிமுடிச்சு என்று, முடியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, தன் முடியாலேயே தன் முடியைக் கட்டி, பேசிக்கொண்டே போட்டுவிடுவார். நாள் முழுவதும் நிற்கும். நான் போட்டால் லிஃப்ட் கீழே வருவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. பாட்டியின் முடியில் எண்ணெயும் சுருளும் இருந்தன, என்னுடையது வழுக்குகிறது.

ஊசிகளை வீட்டில் மறந்துவிட்டுப் போன ஒரு நாள், உணவங்காடியில் கிடைத்த ஒரு மரச் சாப்ஸ்டிக்கைக் கொண்டையில் செருகிச் சமாளித்தேன். எங்கள் பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் சீனப் பெண்மணி ஒருவர் அதைப் பார்த்து, “மதியச் சாப்பாட்டுக்கு இப்போதே தயாராகிவிட்டாயா?” என்று கேட்டுவிட்டு, மறுநாள் தம் தாயாரின் பழைய கொண்டைக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சீனாவில் முற்காலத்தில் பெண்ணுக்கு 15 வயதானதும் முடியைத் தூக்கி முடிந்து குச்சி செருகும் சடங்கு இருந்ததாம். அதற்குப் பிறகுதான் அவள் திருமண வயதை எட்டியவள். குச்சி முடியைக் கவ்வும் விதமும் ஊசியுடையதேதான்: கொண்டையின் ஓரம், தலையை ஒட்டிய முடி, மறு ஓரம். ஒரே குச்சியில் மாலைவரை நின்றது. சாப்ஸ்டிக் வேண்டாம், மரச்சிராய் முடியைப் பிய்க்கும். வழவழப்பாகத் தேய்த்த குச்சியாக வாங்குங்கள்.

2024 ஜூன் 30

ஓர் அப்பா கேட்டிருக்கிறார்: கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்த மகன், பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் மொட்டையடித்து இழந்ததையெல்லாம் வட்டியோடு வளர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறானாம், சொன்னால் கேட்பதில்லையாம்.

என் அப்பாவும் 1970களில் முடி வளர்த்தவர்தான். அரசாங்க அலுவலகங்களில், நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை என்று சுவரொட்டி ஒட்டியிருந்த காலம் அது. எது நீண்ட முடி என்பதற்குப் படமும் போட்டிருந்தார்கள்: நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழே இறங்கினால். வரிசையில் முதலில் நின்று கடைசியாகக் கவனிக்கப்பட்ட கதையை அப்பா இன்றும் மகிழ்ச்சியாகச் சொல்வார். அந்த அளவுகோலின்படி உங்கள் மகன் மூன்றிலும் தேறுவார் போலிருக்கிறது. தாழ்வாகச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்கள் உச்சியில் இறுக்கிப் போடும் கொண்டைக்கும் நான் ஏப்ரலில் எழுதியது பொருந்தும்.

2024 ஜூலை 21

சடையைப் பற்றி நான் முதலில் எழுதியதை மறுபடி படித்தேன். தோழியின் காரணம் பொருட்டில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டேன். அவ்வளவு நேர்மையாக எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், அப்போதைய மேலாளர், வாடிக்கையாளர்கள் வரும் நாளில் சடை வேண்டாமே, கொஞ்சம் முதிர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்று மென்மையாகத்தான் சொன்னார். அன்று இரவே டோனட் வளையம் வாங்கினேன். பதினைந்து ஆண்டு உச்சிக்கொண்டைக்கு அந்த ஒரு வாக்கியம் காரணம். நாற்காலியும் கைப்பையும் நான் பிறகு தேடிக்கொண்ட காரணங்கள்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதிர்ச்சி எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. சங்கப் பாடல்களில் கூந்தலை ஐம்பால் என்பார்கள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாக முடித்ததால் அந்தப் பெயர் என்று உரைகாரர்கள் விளக்குவர். ஐந்து வகை கையில் இருந்த மரபில் வந்து, ஒரே ஒரு வகையைப் பதினைந்து ஆண்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

2024 அக்டோபர் 30

நாளை தீபாவளி. தேக்கா சந்தையில் பூ வாங்கும் கூட்டத்தில் நின்று இரண்டு முழம் மல்லிகை வாங்கி, பாதியைத் தாழ்கொண்டையைச் சுற்றி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தேங்காய் எண்ணெய்க்குக் கோப்பையை மூக்கருகே பிடித்த அதே பக்கத்து இருக்கைக்காரர், இந்த மணம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். மீதி ஒரு முழத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

2024 நவம்பர் 17

கேட்டவர்களுக்காக: நெற்றியோரத்தில் முளைத்திருக்கிறது. இடப்பக்கம் நெருக்கமாகவும் வலப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும், நீளமானது 4 சென்டிமீட்டர். அம்மா வந்து கல்யாணப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, “பரவாயில்ல” என்றார்கள். அவர்கள் அகராதியில் அது உயர்ந்த பாராட்டு.

இப்போது புதுச் சிக்கல். கொண்டைக்கு எட்டாத நீளத்தில் இருக்கும் இந்தக் குட்டி முடிகள், காலை ஈரக்காற்றில் கோழிக்குஞ்சின் தலைபோல நிமிர்ந்துவிடுகின்றன. போன வாரக் கூட்டத்துக்கு முன்பு இப்போதைய மேலாளர், “முன்னால் கொஞ்சம் கலைந்திருக்கிறதே” என்று தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் பட்டாணி அளவுக்கும் குறைவாக ஜெல் எடுத்துத் தடவினால் படிகிறது. பெரும்பாலான நாள்களில் நான் தடவுவதில்லை.

முதல் கேள்வியைக் கேட்ட தங்கை, ஆறு மாதமாக நான்கு ஊசித் தாழ்கொண்டையிலேயே வேலைக்குப் போவதாகவும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒற்றைச் சடை போட்டுக்கொண்டு போகலாமா என்றும் எழுதியிருக்கிறார். போங்கள் அம்மா. கைப்பையை மறு தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.